வேர்ட்பிரஸ் ப்ளகின்களைப் பராமரிப்பது எப்படி: தேர்வு முதல் நீக்கம் வரை முழுமையான வழிகாட்டி

ப்ளகின் என்பது தளத்துக்குப் புதிய வசதி சேர்க்கும் கூடுதல் நிரல். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன ஒருவரிடம், "உங்கள் தளத்தில் எத்தனை ப்ளகின் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்பார். திறந்து பார்த்தால் முப்பதைத் தாண்டியிருக்கும். அதில் பாதியை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. நான் பராமரிக்க ஏற்றுக்கொண்ட பல தளங்கள் இப்படித்தான் கைக்கு வந்தன.

புதிதாகத் தளம் தொடங்குபவர்களுக்கும் இந்த வழிகாட்டி உதவும். ஆனாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கஷ்டமான வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில், ப்ளகின் உள்ளே என்ன செய்கிறது?

வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்தது. ப்ளகின் வசதி அடுத்த ஆண்டு மே மாதம், 1.2 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் புதிய வசதி வேண்டுமென்றால் வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளிலேயே கைவைக்க வேண்டும். அடுத்த பதிப்பு வந்ததும் செய்த மாற்றமெல்லாம் அழிந்துபோகும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஹூக். ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது வேர்ட்பிரஸ் வழியில் நூற்றுக்கணக்கான இடங்களில் நின்று, "இந்த இடத்தில் யாருக்காவது வேலை இருக்கிறதா?" என்று கேட்கிறது. அங்கே பெயர் கொடுத்து வைத்திருக்கும் ப்ளகின் தன் வேலையைச் செய்துவிட்டு வழிவிடும்.

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கைப்பேசியில் ஒரு செயலி கேமராவைத் தொட வேண்டுமென்றால் நம்மிடம் அனுமதி கேட்கிறது. வேர்ட்பிரஸ் ப்ளகினுக்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. செயல்படுத்திய அந்த நொடியிலிருந்து தரவுத்தளம், பயனர் பட்டியல், தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கட்டமைப்புக் கோப்பு என எல்லாவற்றையும் அதனால் படிக்கவும் மாற்றவும் முடியும். பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் மட்டும் காட்டும் ப்ளகினுக்கும் கடையின் பணப் பரிமாற்றத்தைக் கையாளும் ப்ளகினுக்கும் அதிகாரம் ஒன்றுதான். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுவே.

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலில் இதை மாட்யூல் என்பார்கள். அதுபோன்றதே ஆன ஜூம்லாவில் பொதுப்பெயர் எக்ஸ்டென்ஷன். அங்கே மாட்யூல் என்றால் பக்கத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டி, ப்ளகின் என்றால் வேறு வகை. பெயர்களும் மெனுக்களும் மாறினாலும் பராமரிக்கும் முறை பெரிதாக மாறாது. மாறும் ஓரிடத்தை உரிய படியில் சொல்கிறேன்.

படி 1: கணக்கெடுங்கள்

எதையும் அப்டேட் செய்யாதீர்கள், எதையும் நீக்காதீர்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, இருக்கும் ஒவ்வொரு ப்ளகினுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பெயர், இப்போதைய பதிப்பு, எங்கிருந்து வந்தது, எதற்காக இருக்கிறது, இது இல்லாவிட்டால் எது நிற்கும், கட்டண உரிமம் என்றால் எப்போது முடிகிறது, எந்த மின்னஞ்சலில் வாங்கியது. இவ்வளவும் இருந்தால் போதும்.

"எதற்காக" என்ற கட்டத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் நிரப்புங்கள். ப்ளகின் பக்கத்தில் இருக்கும் விளம்பர வரியை நகலெடுத்து ஒட்டினால் பயனில்லை. "தொடர்பு பக்கத்தில் உள்ள படிவம் இதில் ஓடுகிறது" என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். மஞ்சள் வரிகளைப் பிறகு ஒவ்வொன்றாக விசாரிக்கலாம்.

பட்டியலைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. டூல்ஸ் மெனுவில் சைட் ஹெல்த் பகுதி 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதன் இன்ஃபோ பக்கத்தில் எல்லாத் தகவலையும் ஒரே பொத்தானில் நகலெடுக்கலாம்.

பலர் தவறவிடும் இரண்டு இடங்கள் உண்டு. ப்ளகின் பக்கத்தின் மேலே "மஸ்ட்-யூஸ்", "டிராப்-இன்" என்று தனி இணைப்புகள் தெரிகின்றனவா பாருங்கள். மஸ்ட்-யூஸ் ப்ளகின்கள் தனிக் கோப்புறையில் இருக்கும். நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டிலிருந்து அவற்றை முடக்க முடியாது, அப்டேட் அறிவிப்பும் வராது. தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் நிரல்களை இங்கேதான் வைப்பது வழக்கம். டிராப்-இன் என்பது கேச் (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து வேகமாகத் தருவது) போன்ற வேலைகளுக்காக வேர்ட்பிரஸின் ஒரு பகுதியையே மாற்றிவைக்கும் ஒற்றைக் கோப்பு. கேச் ப்ளகினை யாரோ கோப்புறையோடு அழித்திருப்பார்கள். அது விட்டுச்சென்ற டிராப்-இன் மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கும். இவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

படி 2: திரும்பி வரும் வழியை முதலில் போடுங்கள்

பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் நான் வலியுறுத்துவது மூன்று விஷயங்களை.

தரவுத்தளத்தையும் கோப்புகளையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஏனென்றால் பெரிய ப்ளகின்கள் அப்டேட் ஆகும்போது தங்கள் கோப்புகளோடு தரவுத்தள அட்டவணைகளையும் மாற்றும். பிறகு பழைய கோப்புகளை மட்டும் திரும்ப வைத்தால், பழைய நிரலும் புதிய அட்டவணையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இன்னொரு சிக்கல் முளைக்கும்.

பேக்கப் தளம் இருக்கும் அதே சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. சர்வர் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

மூன்றாவது, ஒரு முறையாவது மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சோதனைத் தளத்தில் அதை ஏற்றி, உள்நுழைந்து, நான்கு பக்கங்களைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில்தான், படங்கள் இருக்கும் கோப்புறை பேக்கப்பில் சேரவே இல்லை என்பது போன்ற விஷயங்கள் தெரியவரும்.

சோதனைத் தளம் என்று சொன்னேன். உங்கள் தளத்தின் நகல் ஒன்று வேறு முகவரியில், தேடுபொறிகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பல ஹோஸ்டிங் சேவைகள் ஸ்டேஜிங் என்ற பெயரில் இதைத் தருகின்றன. அந்த நகலிலிருந்து வாசகர்களுக்கு மின்னஞ்சல் போகாதபடியும், பணம் வசூலிக்கும் பகுதி சோதனை நிலையில் இருக்கும்படியும் அமைத்துவிடுங்கள்.

படி 3: வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்

வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ ப்ளகின் தொகுப்பில் 50,000க்கும் மேற்பட்ட இலவச ப்ளகின்கள் இருக்கின்றன. எதைத் தேடினாலும் கிடைக்கும். அதனாலேயே தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

நீங்கள் தேடும் வசதி வேர்ட்பிரஸிலேயே வந்திருக்கலாம். படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் லேஸி லோடிங், தேடுபொறிகளுக்கான சைட்மேப் இரண்டும் 2020இல் வந்த 5.5 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. வெப்பி வடிவப் படங்களை ஏற்றும் வசதி 2021இல் 5.8 பதிப்பில் வந்தது. இதற்காக மட்டும் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட ப்ளகின்கள் இன்றும் எத்தனையோ தளங்களில் சும்மா ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பட்டியலின் மஞ்சள் வரிகளில் இப்படி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்.

சரி, தேவைதான் என்று முடிவாகிவிட்டது. தொகுப்பில் ப்ளகினின் பக்கத்தைத் திறந்தால் நான் பார்க்கும் வரிசை இது. கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள். அண்மைய மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்றால் தொகுப்பே மேலே எச்சரிக்கை காட்டும். பிறகு உதவிப் பகுதி. நட்சத்திர மதிப்பீட்டைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். கடந்த இரண்டு மாதங்களில் பயனர்கள் கேட்ட கேள்விகளுக்கு உருவாக்குநர் பதில் சொல்லியிருக்கிறாரா? என்ன தொனியில் சொல்லியிருக்கிறார்? "சரிசெய்துவிட்டோம், அடுத்த பதிப்பில் வருகிறது" என்று எழுதுபவரின் ப்ளகினை நம்பிப் போடலாம்.

அப்புறம் மாற்றக் குறிப்பு, அதாவது சேஞ்ச்லாக். ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று தெளிவாக எழுதியிருப்பவர்கள் பொறுப்பானவர்கள். ஒவ்வொரு முறையும் "சில திருத்தங்கள்" என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

ப்ளகின் கைமாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற ப்ளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அதை எழுதியவர் விற்றுவிட, வாங்கியவர் வெளியிட்ட பதிப்புகளில் தளங்களுக்குள் விளம்பரப் பதிவுகளை ரகசியமாக நுழைக்கும் நிரல் இருந்தது. 2017இல் தொகுப்பிலிருந்து பல முறை எடுக்கப்பட்டு, கடைசியில் முழுவதுமாக நீக்கப்பட்டது. தளம் வைத்திருந்தவர்கள் செய்தது வழக்கமான அப்டேட்தான். ஆகவே உரிமையாளர் பெயர் மாறியிருந்தால் அடுத்த அப்டேட்டைச் சில நாள் தள்ளிப்போட்டு, உதவிப் பகுதியில் என்ன பேசுகிறார்கள் என்று படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கட்டண ப்ளகின்களின் பூட்டு உடைத்த பிரதிகளை இலவசமாகத் தரும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அந்தக் கோப்பில் கூடுதலாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முன்பு சொன்னதுபோல உள்ளே வந்தபின் அதற்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

படி 4: ஒன்று ஒன்றாக நிறுவுங்கள்

நிறுவுவது எளிது. டாஷ்போர்டில் தேடி நிறுவலாம், ஜிப் கோப்பாக ஏற்றலாம். ஜிப் பெரிதாக இருந்து சர்வர் ஏற்க மறுத்தால் கோப்புறையாகப் பிரித்து எஸ்எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக ப்ளகின்ஸ் கோப்புறைக்குள் வைக்கலாம். ப்ளகின் கேட்கும் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு உங்கள் சர்வரில் இல்லையென்றால் வேர்ட்பிரஸே செயல்படுத்த மறுத்துவிடும். 2024இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து, ஒரு ப்ளகின் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் அதையும் காட்டும். அடித்தளமாக இருப்பதை நிறுவிச் செயல்படுத்தாமல் மேலே உள்ளதைச் செயல்படுத்த முடியாது.

ஐந்து ப்ளகின்களை ஒரே மூச்சில் செயல்படுத்தாதீர்கள். ஒன்றைச் செயல்படுத்தி, சோதித்து, பட்டியலில் தேதியோடு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாளை ஏதாவது கோளாறு வந்தால் அந்தத் தேதிகள்தான் துப்பு.

எதைச் சோதிப்பது? இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தளத்தில் படிவ ப்ளகின் ஒன்றை அப்டேட் செய்தேன். முகப்பைத் திறந்தேன், நன்றாக இருந்தது. படிவப் பக்கத்தையும் திறந்தேன், படிவம் அழகாகத் தெரிந்தது. வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத் தளத்தின் உரிமையாளர் அழைத்து, "என்னங்க, ஒரு வாரமாக யாருமே எழுதவில்லையே?" என்று கேட்டார். படிவம் தெரிந்தது, அனுப்பினால் "நன்றி" என்றும் சொன்னது. ஆனால் மின்னஞ்சல் போகவில்லை. ஒன்பது நாளில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அது என்னை மிகவும் வருத்தியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சோதனைப் பட்டியல் வைத்திருக்கிறேன். பார்ப்பது போதாது, செய்து பார்க்க வேண்டும்:

1. உள்நுழையாத இன்னொரு உலாவியில் முகப்பு, ஒரு பதிவு, ஒரு வகைப் பக்கம் ஆகியவற்றைத் திறப்பது.
2. படிவத்தை நிரப்பி அனுப்பி, மின்னஞ்சல் கைக்கு வரும்வரை காத்திருப்பது.
3. தளத்தில் தேடிப் பார்ப்பது.
4. கடை இருந்தால் ஒரு பொருளைக் கூடையில் போட்டுப் பணம் செலுத்தும் கடைசிப் படி வரை போவது.
5. ஒரு வரைவுப் பதிவு எழுதி, படம் சேர்த்துச் சேமிப்பது.
6. கைப்பேசியில் மெனுவைத் திறந்து மூடுவது.

உங்கள் தளத்துக்கு எது உயிர்நாடியோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை.

படி 5: அப்டேட்டைத் தரம் பிரியுங்கள்

அப்டேட்டில் இரண்டு பயங்கள் எதிரெதிராக இழுக்கின்றன. செய்தால் தளம் உடையுமோ என்பது ஒன்று. செய்யாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களோ என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான பயங்கள்தான்.

2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற ப்ளகினில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. 40 லட்சம் தளங்களில் இருந்த ப்ளகின் அது. இரண்டு அடுக்கு உள்நுழைவு இயக்கப்பட்டிருந்த தளங்களில், கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக நுழைய முடிந்தது. நிலைமையின் தீவிரத்தால் வேர்ட்பிரஸ் தரப்பே தளங்களுக்குக் கட்டாய அப்டேட்டை அனுப்பியது. "மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே ஆண்டு ஜூன் மாதம் இதற்கு நேர்மாறான சம்பவமும் நடந்தது. வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களையே மீண்டும் பயன்படுத்திவந்த சில உருவாக்குநர்களின் கணக்குகளுக்குள் புகுந்து, அவர்களுடைய ப்ளகின்களில் தீய நிரலைச் சேர்த்து அதிகாரபூர்வத் தொகுப்பு வழியாகவே வெளியிட்டார்கள். உடனுக்குடன் அப்டேட் செய்தவர்களுக்குத்தான் முதல் பாதிப்பு. அந்த ஆண்டு அக்டோபர் முதல் ப்ளகின் உருவாக்குநர்களுக்கு இரண்டு அடுக்கு உள்நுழைவு கட்டாயமானது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வைத்திருக்கும் முறை இது. பாதுகாப்புத் திருத்தம் என்று மாற்றக் குறிப்பு சொன்னால் அன்றைக்கே செய்வேன். சிறு திருத்தங்கள் என்றால் மூன்று நான்கு நாள் விட்டு. முதல் எண் மாறும் பெரிய பதிப்பு, உதாரணமாக 4.9இலிருந்து 5.0, என்றால் இரண்டு வாரம் பொறுத்து, சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான தளத்துக்கு.

தானியங்கி அப்டேட்டை ஒவ்வொரு ப்ளகினுக்கும் தனித்தனியாக இயக்கும் வசதி 5.5 பதிப்பில் வந்தது. எல்லாவற்றுக்கும் இயக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்தவும் வேண்டாம். பட்டியலில் "இது நின்றால் எது நிற்கும்" என்ற கட்டத்தைப் பாருங்கள். நின்றாலும் யாருக்கும் உடனே தெரியாத சிறு ப்ளகின்களுக்குத் தானியங்கியை இயக்குங்கள். கடை, உறுப்பினர் பகுதி, பக்கங்களை வடிவமைக்கும் பேஜ் பில்டர் போன்றவற்றை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு முறைகூட உங்களால் தளத்தைப் பார்க்க முடியாது என்றால் மட்டும் என் ஆலோசனை மாறும்: அப்போது எல்லாவற்றுக்கும் தானியங்கியே நல்லது. ஒரு நாள் உடைந்து கிடப்பதைவிட, ஓட்டையோடு மாதக்கணக்கில் கிடப்பது மோசம்.

இதில் வேர்ட்பிரஸ் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2023இல் வந்த 6.3 பதிப்பு முதல், அப்டேட் நடுவில் தோற்றுப்போனால் பழைய கோப்புகளைத் திரும்ப வைத்துவிடும். 2024இல் வந்த 6.6 முதல், தானியங்கி அப்டேட்டுக்குப் பிறகு தளமே நின்றுபோகும் அளவு பிஎச்பி பிழை வந்தால் முந்தைய பதிப்புக்குத் தானே திரும்பும். ஆனால் மின்னஞ்சல் அனுப்பாத படிவத்தை இது கண்டுபிடிக்காது. சோதனைப் பட்டியலின் வேலை உங்களுடையதாகவே இருக்கும்.

செய்யும் வரிசை: பேக்கப், பிறகு ப்ளகின்கள், பிறகு தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), கடைசியில் வேர்ட்பிரஸ். புதிய வேர்ட்பிரஸ் பதிப்புக்கு ஏற்ற திருத்தங்களை ப்ளகின்காரர்கள் முன்கூட்டியே வெளியிட்டிருப்பார்கள் என்பதால் நான் இந்த வரிசையில் போகிறேன். வார இறுதிக்கு முந்தைய மாலையில் தொடங்காதீர்கள். சிக்கல் வந்தால் உதவிக்கு ஆள் கிடைக்கும் நாளாக இருக்கட்டும்.

அப்டேட் நடக்கும்போது தளம் சில நொடிகள் பராமரிப்புச் செய்தியைக் காட்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி அப்படியே நிற்கும். பதற வேண்டாம். தளத்தின் முதன்மைக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மெயின்டெனன்ஸ் என்ற கோப்பு இருக்கும், அதை அழித்தால் தளம் திரும்பும். அழிக்காவிட்டாலும் பத்து நிமிடத்துக்குப் பிறகு வேர்ட்பிரஸ் அதைப் பொருட்படுத்தாது.

"அப்டேட் எதுவும் இல்லை" என்ற அமைதியை நம்பாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டலாம். உரிமம் முடிந்துபோன கட்டண ப்ளகின்கள் பலவற்றில் அப்டேட் செய்யவே முடியாது. பாதுகாப்புக் காரணத்துக்காகத் தொகுப்பிலிருந்து மூடப்பட்ட ப்ளகினைப் பற்றியும் டாஷ்போர்டு எதுவும் சொல்லாது. கைவிடப்பட்ட ப்ளகினும் ஆண்டுக்கணக்கில் அமைதியாகத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றின் பக்கத்தையும் தொகுப்பில் திறந்து பாருங்கள். மூடப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பு தேதியோடு அங்கே இருக்கும்.

இன்னொன்று. ப்ளகினின் கோப்புகளைத் திறந்து நேரடியாக மாற்றியிருந்தால் அடுத்த அப்டேட்டில் அது போய்விடும். அந்த மாற்றத்தை ஹூக் வழியாகச் செய்யும் ஒரு சிறு தனி ப்ளகினாக எழுதச் சொல்லுங்கள். முன்பு யாராவது கைவைத்து, அதற்குப் பயந்தே அப்டேட் செய்யாமல் விட்ட ப்ளகின் ஒன்று பழைய தளங்களில் அடிக்கடி கிடைக்கும். அதைப் பட்டியலில் சிவப்பில் குறியுங்கள், சரிசெய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

படி 6: உடைந்துவிட்டால்

தளம் திறக்கவில்லை, கடுமையான பிழை என்ற செய்தி மட்டும் தெரிகிறது. முதலில் நிர்வாகியின் மின்னஞ்சலைப் பாருங்கள். 5.2 பதிப்பிலிருந்து, எந்த ப்ளகினால் பிழை வந்தது என்று சொல்லும் கடிதமும் மீட்பு நிலைக்கான இணைப்பும் அங்கே வரும். இணைப்பு ஒரு நாள் செல்லும். அதன் வழியாக உள்நுழைந்தால் கோளாறான ப்ளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். வாசகர்களுக்குத் தளம் இன்னும் உடைந்துதான் தெரியும். நீங்கள் அதை முடக்கிய பிறகே எல்லோருக்கும் சரியாகும். நிர்வாகி மின்னஞ்சல் இன்னும் பயன்பாட்டில் உள்ள முகவரிதானா என்று இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடிதம் வரவில்லையா? ஹோஸ்டிங் கணக்கின் கோப்பு மேலாளரைத் திறந்து, ப்ளகின்ஸ் கோப்புறைக்குள் சந்தேகப்படும் ப்ளகினின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். கடைசியில் ஓர் எழுத்து சேர்த்தால் போதும். வேர்ட்பிரஸுக்கு அது கண்ணில் படாது, தளம் எழுந்துவிடும். எதன்மேல் சந்தேகம் என்றே தெரியாவிட்டால் மொத்த ப்ளகின்ஸ் கோப்புறையின் பெயரையும் மாற்றி உள்ளே நுழையலாம். ஆனால் அப்போது ப்ளகின் பக்கத்தைத் திறந்ததும் எல்லாமே முடக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும்; பெயரைத் திரும்ப மாற்றிய பிறகு ஒவ்வொன்றையும் நீங்களே செயல்படுத்த வேண்டும். எவை செயலில் இருந்தன என்று தெரிந்துகொள்ள முதல் படியின் பட்டியல் இருக்கிறது.

ஊகிப்பதைவிடப் பிழைப் பதிவைப் படிப்பது நல்லது. கட்டமைப்புக் கோப்பில் பிழைகளைக் கண்டறியும் டீபக் வசதியை இயக்கி, பிழைகளைத் திரையில் காட்டாமல் பதிவுக் கோப்பில் மட்டும் எழுதும்படி அமையுங்கள். பதிவில் நீளமான வரிகள் இருக்கும். அவற்றில் ப்ளகின்ஸ் என்ற சொல்லை அடுத்து வரும் கோப்புறைப் பெயரைத் தேடுங்கள், குற்றவாளி பெரும்பாலும் அதுதான். வேலை முடிந்ததும் வசதியை நிறுத்தி, பதிவுக் கோப்பையும் அழித்துவிடுங்கள். வழக்கமான இடத்தில் இருந்தால் பல சர்வர்களில் அதை வெளியார் யாரும் படிக்க முடியும்.

தளம் ஓடுகிறது, ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை என்பது வேறு வகை. இரண்டு ப்ளகின்கள் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்போது இப்படி ஆகும். ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்ற ப்ளகின் இதற்கு மிகவும் உதவும். அதன் சோதனை நிலையில் எல்லா ப்ளகின்களும் உங்கள் பார்வைக்கு மட்டும் முடங்கும், வாசகர்களுக்கு எதுவும் மாறாது. அங்கே பாதியை இயக்குங்கள். சிக்கல் வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மறு பாதியில். மறுபடி பாதியாக்குங்கள். 32 ப்ளகின்கள் இருந்தாலும் ஐந்தே சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். மோதுவது இரண்டு என்று தோன்றினால், கிடைத்த ஒன்றை இயக்கியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே முறையில் பாதி பாதியாகப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கேச்சைக் காலி செய்ய மறக்காதீர்கள். மறந்தால் பழைய பக்கத்தைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

குற்றவாளி கிடைத்ததும், தொகுப்பில் அதன் பக்கத்தில் அட்வான்ஸ்டு வியூ என்ற இணைப்புக்குள் பழைய பதிப்புகள் இருக்கும். முந்தையதை இறக்கி ஜிப்பாக ஏற்றினால், இருப்பதற்குப் பதிலாக வைக்கட்டுமா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். வைத்துவிட்டு, பிழைப் பதிவின் வரிகளோடு உருவாக்குநருக்கு உதவிப் பகுதியில் எழுதுங்கள்.

வேகம் பற்றி ஒரு சொல்

ப்ளகின் எண்ணிக்கை கூடினால் தளம் மெதுவாகும் என்பது பாதி உண்மை. நன்றாக எழுதிய இருபது ப்ளகின்களைவிட, ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளிச் சர்வரைக் கேட்கும் ஒரே ஒரு ப்ளகின் அதிகம் இழுக்கும். குவெரி மானிட்டர் ப்ளகினைச் சோதனைத் தளத்தில் போட்டால் எந்த ப்ளகின் எத்தனை தரவுத்தளக் கேள்விகள் கேட்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பெயரோடு காட்டும். நீக்கப்பட்ட ப்ளகின்கள் விட்டுச்சென்ற அமைப்புகளும் ஒவ்வொரு பக்கத்தோடும் ஏறிக்கொண்டிருக்கலாம். இப்படித் தானாக ஏறும் தரவு 800 கேபியைத் தாண்டினால் 6.6 பதிப்பிலிருந்து சைட் ஹெல்த் எச்சரிக்கும்.

படி 7: முடக்கி விடாமல், முறையாக நீக்குங்கள்

முடக்கிய ப்ளகினின் கோப்புகள் சர்வரிலேயே இருக்கின்றன. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற ப்ளகினில் வெளிவந்த ஓட்டை இதை எல்லோருக்கும் உணர்த்தியது. 7 லட்சம் தளங்களில் இருந்த அந்த ப்ளகினுக்குள், வேறொரு நிரல் தொகுப்பின் மாதிரிக் கோப்பு ஒன்று தவறுதலாக இயங்கும் நிலையில் விடப்பட்டிருந்தது. வேர்ட்பிரஸ் வழியாக வராமலே அந்தக் கோப்பை வெளியிலிருந்து நேரடியாக அழைத்து, சர்வரில் எதையும் ஏற்ற முடிந்தது. இப்படிப்பட்ட கோப்புக்குத் தான் இருக்கும் ப்ளகின் செயலில் இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

நீக்கும் முறை: முதலில் சோதனைத் தளத்தில் முடக்கிப் பாருங்கள். பதிவுகளில் அந்த ப்ளகினின் ஷார்ட்கோடு (அதன் வசதியை அந்த இடத்தில் காட்டச் சொல்லும் சிறு குறி) இருந்தால், சதுர அடைப்புக்குள் இருக்கும் சொற்கள் அப்படியே வாசகர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அவை எந்தெந்தப் பதிவுகளில் இருக்கின்றன என்று தேடித் திருத்திவிட்டு உண்மையான தளத்தில் முடக்குங்கள். ஒரு வாரம் விடுங்கள். யாரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை என்றால் நீக்குங்கள்.

நீக்கும் பொத்தானை அழுத்துமுன் ப்ளகினின் அமைப்புப் பக்கத்தில் "நீக்கும்போது தரவையும் அழி" என்பது போன்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். பல ப்ளகின்கள் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் தங்கள் அட்டவணைகளை எடுத்துச்செல்லும். படிவங்களில் வந்த பழைய கடிதங்கள் போன்றவை அதில் இருந்தால் முதலில் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு மேலாளரில் போய்க் கோப்புறையை மட்டும் அழிப்பதைத் தவிருங்கள். ப்ளகின் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நிரல் அப்போது ஓடாது.

முன்பு சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. ட்ரூபலில் 8ஆம் பதிப்பிலிருந்து முடக்குவது என்ற இடைநிலையே இல்லை. மாட்யூல் நிறுவப்பட்டிருக்கும், அல்லது அகற்றப்பட்டிருக்கும். அகற்றினால் அதன் தரவும் போகும். அங்கே "சும்மா முடக்கிப் பார்க்கலாம்" என்ற பழக்கத்தோடு போனால் உள்ளடக்கமே அழியலாம். நிர்வாகப் பக்கத்தில் அகற்றாமல் கோப்புகளை முதலில் அழித்தால் பிழைகள் வரிசையாக வரும். முதலில் அகற்றுதல், பிறகு கோப்பு நீக்கம். இந்த வரிசை மாறவே கூடாது.

படி 8: சாவி யார் கையில்?

ப்ளகின் நிறுவும் அதிகாரம் நிர்வாகிகளுக்கு மட்டுமே உண்டு. ஆகவே எழுதவும் திருத்தவும் வருபவர்களுக்கு எடிட்டர் நிலை போதும். "வசதியாக இருக்கட்டும்" என்று எல்லோரையும் நிர்வாகி ஆக்கியிருந்தால் இன்றே குறையுங்கள். டாஷ்போர்டுக்குள்ளிருந்து ப்ளகின் நிரலைத் திருத்தும் எடிட்டரைக் கட்டமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மூடலாம், மூடிவிடுங்கள். கட்டண ப்ளகின்களின் உரிமங்கள் தனிநபர் மின்னஞ்சலில் இல்லாமல் தளத்துக்கென்று உள்ள முகவரியில் இருக்கட்டும். வாங்கியவர் வேலையை விட்டுப் போனதால் புதுப்பிக்க முடியாமல் நிற்கும் ப்ளகின்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வாராவாரம், மாதாமாதம்

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம்: பேக்கப் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது, அப்டேட்களின் மாற்றக் குறிப்பைப் படிப்பது, தரம் பிரித்துச் செய்வது, சோதனைப் பட்டியலை முடிப்பது, தேதியை எழுதுவது. மாதத்தில் ஒரு நாள்: மூடப்பட்டவை, கைவிடப்பட்டவை, உரிமம் முடியப்போகிறவை எவை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது, மஞ்சள் வரிகளில் ஒன்றையாவது விசாரித்து முடிப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது.

அந்த ஸ்ப்ரெட்ஷீட்டை, உங்களுக்குப் பிறகு தளத்தைப் பார்க்கப்போகிறவரும் திறக்க முடிகிற இடத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதைத் தளத்தின் உரிமையாளரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.